பந்து புறப்படும் முன்பே...

ஒரு புதிரோடு தொடங்கலாம். கண்ணில் பட்டதற்குக் கையும் காலும் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கின்றன என்பது வயதைப் பொறுத்தது. இருபதுகளின் நடுவில் அந்த வேகம் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உங்கள் அப்பாவுக்கும் இதுதான் விதி, உலக சாம்பியனுக்கும் இதுதான் விதி. ஹாக்கி மைதானத்தில் இந்த வேகம் யாருக்கு அதிகம் வேண்டும்? கோல்கீப்பருக்கு. அப்படியானால் உலகின் சிறந்த கோல்கீப்பர் 24, 25 வயது இளைஞராகத்தானே இருக்க வேண்டும்?

இந்திய அணியின் பி.ஆர். ஸ்ரீஜேஷ் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டார். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு அவருக்குச் சிறந்த கோல்கீப்பர் விருதை 2021, 2022, 2024 என மூன்று முறை கொடுத்தது. முதல் விருதின்போது அவருக்கு வயது 33. மூன்றாவது விருதின்போது 36!

வயது ஏற ஏற உடல் மெதுவாகும்போது, ஆட்டம் மட்டும் எப்படி மெருகேறியது? விடை இயற்பியலிலும் உயிரியலிலும் கொஞ்சம் வடிவியலிலும் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்ப்போம்.

மாட்டை விற்று வாங்கிய பேட்

ஸ்ரீஜேஷ் 1988 மே 8 அன்று கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கிழக்கம்பலம் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது ஹாக்கி அவர் கனவிலும் இல்லை. ஓட்டப்பந்தயம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று ஒவ்வொன்றாக முயன்றார். அந்தப் பள்ளியின் பயிற்சியாளர்கள்தான் "கோல்கீப்பராக நின்று பார்" என்றார்கள்.

நின்று பார்ப்பது எளிது. காலுக்குப் பேட், கைக்கு உறை, தலைக்கு ஹெல்மெட், நெஞ்சுக்குக் கவசம் என்று கோல்கீப்பருக்குச் சாமான் நிறைய, விலையும் அதிகம். மகனுக்கு அதை வாங்கிக் கொடுக்க அவருடைய அப்பா வீட்டு மாட்டை விற்றார்.

2006-இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ரீஜேஷ் இந்திய அணிக்காக முதன்முதலில் களம் இறங்கினார். ஆரம்ப ஆண்டுகள் சுகமாக இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல் கடைசி இடத்தில், 12-ஆவதாக முடித்தது. அந்த அணியிலும் அவர் இருந்தார். அப்போது அவருக்கு 24 வயது. நம் கணக்குப்படி உடல் உச்ச வேகத்தில் இருந்த வயது!

செய்து பாருங்கள்: விழும் ஸ்கேல்

30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை எடுங்கள். நண்பரை அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலைத் தொடாமல் இரு பக்கமும் வையுங்கள். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த எண்ணில் பிடித்தீர்கள்?

பொருள் விழும் வேகம் நமக்குத் தெரியும் என்பதால் தூரத்தை நேரமாக மாற்றிவிடலாம். 10 செ.மீ.யில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்டது 0.14 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி. 25 என்றால் 0.23. ஸ்கேல் முழுவதும் நழுவிப் போய்விட்டால் 0.25 விநாடிக்கு மேல். பெரும்பாலோர் 15-க்கும் 25-க்கும் இடையில் பிடிப்பார்கள்.

இந்த நேரம் எங்கே செலவாகிறது? ஒளி விழித்திரையில் பட வேண்டும், அது மின்சைகையாக மாற வேண்டும், பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போக வேண்டும். "ஸ்கேல் விழுகிறது" என்று மூளை புரிந்துகொள்ள வேண்டும். பிறகு முதுகுத்தண்டு வழியாகக் கைத் தசைக்கு உத்தரவு வர வேண்டும், தசை சுருங்க வேண்டும். இத்தனை படிகள்! பயிற்சியால் இதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஒரேயடியாகப் பாதியாக்க முடியாது.

சிலர் 5 செ.மீ.யிலேயே பிடித்துவிட்டுக் கைதட்டுவார்கள். அவர்கள் நண்பரின் விரல் தளர்வதைப் பார்த்து முன்கூட்டியே ஊகித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நம் சோதனைக்கு அது கள்ளாட்டம். ஆனால் ஹாக்கி கோல்கீப்பருக்கு அந்தக் கள்ளாட்டம்தான் தொழில்!

0.4 விநாடிக் கணக்கு

ஹாக்கியில் கோல்கீப்பரைப் பாடாய்ப் படுத்துவது பெனால்டி கார்னர். எதிரணியில் ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார். 'டி' எனப்படும் வளைவுக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் பந்தை மட்டையின் வளைவில் ஏற்றி, தரையோடு இழுத்துக்கொண்டே வந்து கோலை நோக்கிச் சுழற்றி எறிவார். இதற்குப் பெயர் டிராக் ஃப்ளிக்.

பந்தைச் சட்டென்று அடித்தால் மட்டையும் பந்தும் தொட்டுக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. டிராக் ஃப்ளிக்கில் பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டே நீண்ட தூரம் வருகிறது. அந்தத் தூரம் முழுவதும் ஆட்டக்காரரின் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் வரிசையாகச் சேர்ந்து பந்தின் மீது விசை செலுத்துகின்றன. வேகமும் வருகிறது, எந்த மூலைக்கு அனுப்புவது என்ற கட்டுப்பாடும் கிடைக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை மட்டையால் அடித்தால் பந்து 46 செ.மீ. உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது என்பது விதி. ஃப்ளிக் செய்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோலின் மேல் மூலைக்கே அனுப்பலாம்.

இப்போது கணக்கு போடலாம். நல்ல டிராக் ஃப்ளிக் மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 30 மீட்டர். 'டி' வளைவு கோலிலிருந்து 14.63 மீட்டர். பந்து சுமார் 14 மீட்டரில் மட்டையை விட்டுக் கிளம்புகிறது. கோல்கீப்பர் 2 மீட்டர் முன்னால் வந்து நிற்கிறார். இடையில் 12 மீட்டர். 12-ஐ 30-ஆல் வகுத்தால் 0.4 விநாடி.

இதில் 0.2 விநாடியைக் கண்ணும் மூளையும் நரம்பும் எடுத்துக்கொள்ளும். மீதி 0.2 விநாடி. அதற்குள் கையையோ காலையோ ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும், அதுவும் கனத்த பேட்களை மாட்டிக்கொண்டு! கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். ஒரு கால் பேடின் அகலம் 30 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இரண்டு கால்களையும் சேர்த்து நின்றால் கோல் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான் மறையும். பந்து கிளம்பியதைப் பார்த்த பிறகு நகரலாம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஒலிம்பிக் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 5-4 என்று ஜெர்மனியை முந்தியிருந்தது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஃப்ளிக் வந்தது, ஸ்ரீஜேஷ் தடுத்தார், ஆட்டம் முடிந்தது. 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்து ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கே பார்ப்பது?

தேர்ந்த கோல்கீப்பர்களுக்கும் புதியவர்களுக்கும் கண்களிலேயே வித்தியாசம் உண்டு. கால்பந்து கோல்கீப்பர்களின் கண் அசைவைக் கருவிகளால் அளந்து பார்த்திருக்கிறார்கள். புதியவரின் பார்வை அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். அனுபவசாலி சில முக்கியமான இடங்களில் மட்டும் பார்வையை நிறுத்தி வைப்பார்.

டிராக் ஃப்ளிக் அடிப்பவரின் உடல் பந்துக்கு முன்பே நிறையச் சொல்லிவிடும். முன்கால் எந்தத் திசையில் பதிகிறது? இடுப்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது? மட்டையின் முகம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கடைசி நொடியில் மணிக்கட்டை மட்டும் திருப்பி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இந்த அடையாளங்களை ஆயிரக்கணக்கான ஷாட்களில் பார்த்துப் பார்த்து மூளை சேமித்து வைக்கிறது. எதிரணி ஆட்டக்காரர்களின் வீடியோக்களைப் போட்டு, யார் எந்த மூலையை விரும்புகிறார் என்று படிப்பதும் இன்றைய கோல்கீப்பர்களின் வேலைதான்.

இப்படிச் சேர்ந்த அனுபவத்தால் கோல்கீப்பரின் உடல், பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் முன்பே சரியான பக்கம் சாயத் தொடங்கிவிடும். நரம்பின் 0.2 விநாடி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும் நேரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது!

இரண்டு ஸ்கேல், ஒரு ரஷ்ஷர்

இன்னொரு சோதனை. இப்போது நண்பர் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஸ்கேல் பிடிக்கட்டும். உங்கள் இரு கை விரல்களும் தயாராக இருக்கட்டும். அவர் ஏதாவது ஒன்றை மட்டும் விட வேண்டும். விழுகிற ஸ்கேலை மட்டும் நீங்கள் பிடிக்க வேண்டும். முன்பு 18-இல் பிடித்தவர் இப்போது 24, 25-க்குப் போய்விடுவார். சிலர் விழாத ஸ்கேலையும் சேர்த்துப் பிடித்து அசடு வழிவார்கள். காரணம் எளிது. மூளை "எது?" என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் கூடுதல் நேரம் கேட்கும். வாய்ப்புகள் கூடக் கூடப் பதிலும் தாமதமாகும்.

அப்படியானால் வாய்ப்புகளைக் குறைத்தால்? பெனால்டி கார்னரில் கோல்கீப்பரோடு தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் வரை நிற்கலாம். பந்து தள்ளப்பட்டதும் அவர்களில் ஒருவர் ஃப்ளிக் அடிப்பவரை நோக்கி அம்பாகப் பாய்வார். அவர்தான் முதல் ரஷ்ஷர். இந்திய அணியில் பல ஆண்டுகளாக அமித் ரோகிதாஸ் இந்த ஆபத்தான வேலையைச் செய்துவருகிறார். ரஷ்ஷர் ஒரு பக்கத்து வழியை அடைத்துக்கொண்டு ஓடினால், அந்தப் பக்கம் பந்து வருவது கடினம். கோல்கீப்பருக்கு மீதிப் பக்கத்தைப் பார்த்தால் போதும். இரண்டு ஸ்கேல் சோதனை ஒரு ஸ்கேல் சோதனையாக மாறிவிடுகிறது!

அதனால்தான் நல்ல கோல்கீப்பர் ஆட்டம் முழுவதும் கத்திக்கொண்டே இருப்பார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எந்த வழியை அடைக்க வேண்டும் என்று சொல்வது அவர்தான். முழு மைதானமும் தெரியும் இடத்தில் நிற்பவரும் அவர்தானே! ஸ்ரீஜேஷ் இந்திய அணிக்குத் தலைவராகவும் இருந்தார். 2016-இல் அவர் தலைமையில்தான் இந்தியா லண்டனில் சாம்பியன்ஸ் டிராபியில் வெள்ளி வென்றது.

கோலைச் சுருக்கும் வித்தை

கோல்கீப்பர் கோல்கோட்டிலேயே நின்றால் 3.66 மீட்டர் அகலத்தையும் காக்க வேண்டும். முன்னால் வந்தால்? தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்க்கலாம். 3.66 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வையுங்கள். அதற்கு நேரே 8 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி குறியுங்கள். பந்து அங்கே இருக்கிறது. புள்ளியிலிருந்து இரண்டு கற்களுக்கும் கயிறு கட்டுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். இப்போது கோலுக்கும் பந்துக்கும் சரிபாதியில், 4 மீட்டரில் நின்று இரு கயிறுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 1.83 மீட்டர்தான்! வடிவொத்த முக்கோணங்கள் என்று கணக்குப் பாடத்தில் வருவது இதுதான். ஆறடி உயரமுள்ள ஒருவர் பக்கவாட்டில் படுத்தால் முழு வழியும் அடைபட்டுவிடும்.

இந்த வித்தை பளிச்சென்று தெரிவது ஷூட்-அவுட்டில். ஆட்டம் சமனில் முடிந்து வெற்றியாளரை முடிவு செய்ய வேண்டியிருந்தால், ஓர் ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவார். அவருக்கு 8 விநாடிதான். எதிரே கோல்கீப்பர் மட்டும். கோல்கீப்பர் கோட்டைவிட்டுப் பாய்ந்து வந்து கோணத்தைச் சுருக்குவார். ஆனால் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் எதிராளி பக்கவாட்டில் தட்டிக்கொண்டு சுற்றிப் போய்விடுவார். எனவே அவசரப்படாமல், எதிராளியை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அந்த 8 விநாடியையும் கரைத்துவிட வேண்டும்.

2014-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1. ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் இரண்டு முயற்சிகளைத் தடுக்க, இந்தியா 4-2 என வென்றது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இந்தியா மீதி ஆட்டம் முழுவதையும் பத்து பேரோடு ஆடியது. அங்கும் 1-1. அங்கும் ஷூட்-அவுட்டில் 4-2!

பந்து மோதினால் என்ன ஆகும்?

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கெட்டியான பிளாஸ்டிக். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் 160 கிராம் பந்திடம் 72 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பொருள் ஏழு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் அது.

கிரிக்கெட் பந்தைக் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வீர்கள் அல்லவா? பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடினால் அதே அளவுக்கு விசை குறையும். பத்து மடங்கு தூரத்தில் நின்றால் பத்தில் ஒரு பங்கு விசைதான். பேடுக்குள் இருக்கும் அடர்த்தியான ஃபோம் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஏராளமான சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு. பந்து மோதியதும் அவை அமுங்குகின்றன. எலும்புக்குப் போக வேண்டிய அடி ஃபோம் முழுவதும் பரவிவிடுகிறது. அமுங்கிய அறைகள் உடனே விரிந்து பந்தைத் திருப்பி அனுப்பவும் செய்யும். காலில் மாட்டும் கிக்கரில் பந்து பட்டால் தூரமாய்த் தெறிப்பது இதனால்தான். காலடியிலேயே பந்து விழுந்தால் எதிராளி அதை மறுபடி அடித்துவிடுவாரே!

எல்லா அடியிலிருந்தும் பேட் காப்பாற்றாது. 2017-இல் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டியில் ஸ்ரீஜேஷின் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் காயமடைந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து, ஒன்றின் மீது ஒன்று வழுக்காமல் காப்பது அதுதான். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு, பயிற்சி எல்லாம் முடித்து அவர் திரும்பி வந்தார். அவருடைய மூன்று உலக விருதுகளும் இதற்குப் பிறகு கிடைத்தவைதான்.

புதிருக்கு விடை

இப்போது விடையைச் சேர்த்துப் பார்க்கலாம். நரம்பின் வேகம் வயதாக ஆகக் கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் அந்தக் குறைவு ஒரு விநாடியில் நூறில் சில பங்குதான். எதிராளியின் இடுப்பைப் படிப்பதும், ரஷ்ஷரை வைத்து வாய்ப்புகளைக் குறைப்பதும், ஒரு மீட்டர் முன்னால் நின்று கோணத்தைச் சுருக்குவதும் அதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த மூன்றும் பிறவியில் வருவதில்லை. ஆட்டம் ஆட்டமாகச் சேர்க்க வேண்டியவை. முந்நூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் ஸ்ரீஜேஷ் சேர்த்தார். லண்டனில் ஆடிய 24 வயதுக்காரரைவிட பாரிஸில் ஆடிய 36 வயதுக்காரர் தேர்ந்தவராக இருந்ததன் ரகசியம் இதுதான்.

பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டை இனி சீனியர் ஆண்கள் அணியில் யாருக்கும் இல்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. பிறகு ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அவருடைய பிள்ளைகள் வெண்கலம் வென்றார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

பெனால்டி ஸ்ட்ரோக் கோலிலிருந்து 6.4 மீட்டரில் வைத்து எடுக்கப்படுகிறது. பந்து விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வருகிறது. கோல்கீப்பர் இரு கால்களையும் கோல்கோட்டில் வைத்திருக்க வேண்டும். ஷாட் அடிக்கும் வரை காலை நகர்த்தக் கூடாது. ரஷ்ஷர் கிடையாது. பந்து கோலை அடைய எவ்வளவு நேரம்? ஸ்ரீஜேஷின் மூன்று உத்திகளில் இங்கே எது மிஞ்சும்?

கணக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள்: பாரிஸ் வெண்கல ஆட்டத்தில் ஸ்பெயின் போட்ட ஒரே கோல், பெனால்டி ஸ்ட்ரோக்கில் வந்ததுதான்.